பழைய வீட்டுப் பொருள்கள்: இப்போதே கொடுப்பதா, எழுதி வைப்பதா, விற்பதா, வைத்துக்கொள்வதா?

வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை பரண்மேல் என்ன இருக்கிறது என்று யோசிக்க நேரம் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறோம். ஒவ்வொரு அலமாரியும் கண்ணில் படுகிறது. பிள்ளைகள் தனித்தனிக் குடித்தனம் ஆகிவிட்டார்கள். அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் கைக்கடிகாரம், விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த பீங்கான் செட், பெட்டி நிறையப் புகைப்படங்கள், யாரும் திறக்காத தடித்தடிப் புத்தகங்கள். இவற்றை என்ன செய்வது?

பொருளை வைத்திருப்பவர் கொடுக்கலாம், எழுதி வைக்கலாம், விற்கலாம், தெரியாதவருக்குத் தரலாம், படம் பிடித்துவிட்டு அனுப்பலாம், பேசாமல் வைத்துக்கொண்டும் இருக்கலாம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டை எவ்வளவு சீக்கிரம் காலி செய்யலாம் என்றே கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேட்கிறேன்: இது இன்னொருவர் கைக்குப் போகும்போது இதோடு சேர்ந்து வேறு என்ன போக வேண்டும்? சிலவற்றோடு பழக்கும் முறை போக வேண்டும். சிலவற்றோடு ஒரு கதை போக வேண்டும். சிலவற்றோடு ஒன்றும் போக வேண்டியதில்லை. அது தெரிந்துவிட்டால் எந்தப் பொருளுக்கு எந்த வழி என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

இருக்கும்போதே, கையால் கொடுப்பது

முறை தெரிந்தால்தான் வேலை செய்யும் பொருள்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தையல் மெஷினையே எடுத்துக்கொள்வோம். இரும்பு உடம்புள்ள பழைய மெஷின் சரியாகப் பராமரித்தால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு 130/705எச் என்ற ஒரே வகை ஊசிதான். 15-பெருக்கல்-1 என்ற பெயரிலும் விற்கும். ஆகவே ஊசி கிடைக்குமா என்ற கவலை அநேகமாக இல்லை. தெரிய வேண்டியது வேறு. பெரும்பாலான மெஷின்களில் கைச்சக்கரத்தை எப்போதும் நம் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கிக்கொள்ளும். ஊசியின் தட்டையான பக்கம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். மேல் நூலைக் கோக்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் தூக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் விலகி நூல் உள்ளே போய் உட்காரும். இறுக்கம் சரியா என்று பார்க்கும்போது பாதம் கீழே இருக்க வேண்டும். கால்மெஷினின் தோல் பெல்ட் நாளாக நாளாகத் தளரும். கொஞ்சம் வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்டினால் பழையபடி பிடிக்கும்.

என் அக்கா மகள் மெஷினை எடுத்துப்போக வந்த அன்று சக்கரம் அசையவே இல்லை.

"சித்தி, சுத்தவே மாட்டேங்குது. உடைஞ்சு போச்சா?"

"உடையல கண்ணு. ஓட்டாம வச்சிருந்ததுல எண்ணெய் இறுகிப் போச்சு. துளை இருக்குற இடமெல்லாம் ஒவ்வொரு சொட்டு விடு. விட்டுட்டு மெதுவா முன்னும் பின்னும் ஆட்டு. ஊசியைக் கழட்டிட்டு ஆட்டு."

கால்மணி நேரத்தில் சக்கரம் சுற்றத் தொடங்கியது. இறுகிப்போன எண்ணெயை இளக்குவது எப்படி என்று தெரியாதவர் கையில் கிடைத்திருந்தால் அந்த மெஷின் அன்றே பழைய இரும்புக்குப் போயிருக்கும். தையல் மெஷின் எண்ணெய் மட்டும்தான் ஊற்ற வேண்டும், சமையல் எண்ணெய் ஊற்றினால் பிசினாகிவிடும் என்பதையும் சொல்லி அனுப்பினேன். இவற்றையெல்லாம் காகிதத்தில் எழுதி ஒட்டலாம். நூலை விரலால் இழுத்து "இவ்வளவு இறுக்கம் போதும்" என்று காட்டுவதை எந்தக் காகிதத்திலும் எழுத முடியாது.

வார்ப்பிரும்புச் சட்டி இன்னொன்று. அதன் கருப்பு மினுமினுப்பு, எண்ணெய் சூட்டில் மாறி இரும்போடு ஒட்டிக்கொண்ட மெல்லிய படலம். கழுவியவுடன் ஈரம் போக அடுப்பில் காய வைத்து ஒரு விரல் எண்ணெய் தடவ வேண்டும் என்று தெரியாதவர் வீட்டில் அது ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். துருப்பிடித்தாலும் தேய்த்தெடுத்து மறுபடி எண்ணெய் தடவிச் சுட வைத்துப் படலம் ஏற்றிவிடலாம் என்று தெரிந்தவர் அதைத் தூக்கிப் போட மாட்டார்.

சாவி கொடுக்கும் கைக்கடிகாரமும் அப்படித்தான். தினம் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும், பிடிப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளே எண்ணெய் மாற்ற வேண்டும். 1960-களுக்கு முந்தைய கடிகாரமாக இருந்து இருட்டில் ஒளிரும் எண்கள் அதில் இருந்தால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் அந்தப் பூச்சில் கதிர்வீச்சை வெளியிடும் ரேடியம் கலப்பது வழக்கம். ஒளி மங்கிப்போயிருந்தாலும் ரேடியம் அப்படியே இருக்கும். அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். எனவே கண்ணாடியையோ பின்மூடியையோ வீட்டில் கழற்றக் கூடாது, பூச்சைச் சுரண்டவே கூடாது. இதைத் தெரிந்த ஒருவர் சொல்லாமல் போனால் பேரப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. பெற்றவர் நீட்டினால் பிள்ளைகளால் மறுக்க முடிவதில்லை. சின்ன வீட்டுக்குள் பெரிய அலமாரியை வாங்கி வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுவார்கள், நமக்குத் தெரியாமல் வேறெங்காவது தள்ளிவிடுவார்கள். அதனால் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "இதை உனக்குத் தரட்டுமா?" என்று கேட்டால் "சரிம்மா" என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பதில் கிடையாது. எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பி, "இதில் உனக்குப் பிடித்தது ஏதாவது இருந்தால் சொல், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். நாம் நினைத்துக்கூடப் பார்க்காததைக் கேட்பார்கள். வெள்ளிச் சாமானை யாரும் கேட்காமல் பிடி தேய்ந்த கரண்டியை இரண்டு பேர் கேட்பதும் நடக்கும்.

ஒன்றை இரண்டு பேர் கேட்டால் முறை வைத்து எடுக்கச் சொல்வதே நல்லது. முதல் சுற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால் அடுத்த சுற்றில் மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்பி வர வேண்டும். முதலில் எடுத்தவருக்கு ஒவ்வொரு முறையும் முதலிடம் கிடைக்காது, யாருக்கும் மனக்குறை வராது. விலை அதிகமான பொருளை ஒருவருக்கு மட்டும் கொடுப்பதென்றால் மற்றவர்களுக்குத் தெரியும்படி, காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள். பின்னால் தெரியவந்தால் பொருளைவிட மறைத்ததுதான் வலிக்கும்.

எழுதி வைப்பது

நாம் தினமும் புழங்குகிற பொருளை இப்போதே கொடுக்க முடியாது. அதற்கும், நகை போன்ற விலையுயர்ந்தவற்றுக்கும் எழுதி வைப்பதே சரி. உயில் செல்லுபடியாவதற்கான விதிகள், சாட்சிகள் எத்தனை பேர், எப்படிக் கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அந்த இடத்து வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். உயிலோடு சேர்த்து 'இது இன்னாருக்கு' என்று தனியாக எழுதி வைக்கும் விருப்பக் கடிதம் பல இடங்களில் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. அதை மதிப்பதா இல்லையா என்பது பிள்ளைகளின் நல்ல மனதைப் பொறுத்தது. மேசைக்கு அடியில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் அப்படித்தான். ஒட்டு காய்ந்தால் சீட்டு விழுந்துவிடும், விழாவிட்டாலும் அது சாட்சியாகாது.

'வீட்டுச் சாமான்கள் எல்லாம் சமமாக' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பணத்தை மூன்றாகப் பிரிக்கலாம். சுவர்க்கடிகாரத்தை எப்படிப் பிரிப்பது? சண்டை வருவது பெரும்பாலும் விலையில்லாத, ஆனால் ஒன்றே ஒன்று இருக்கிற பொருளில்தான். அப்படிப்பட்ட நாலைந்தைப் பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எழுதி வைப்பதில் நாம் இழப்பது ஒன்று உண்டு, பெறுகிறவர் முகத்தை. எதற்காக இவருக்கு என்று சொல்லும் வாய்ப்பும் போய்விடும். அதனால் எழுதும்போது பொருளின் பெயரோடு நிறுத்தாமல் இரண்டு வரி காரணமும் எழுதுங்கள். சட்டத்துக்கு அது தேவையில்லை, பெறுகிறவருக்குத் தேவை.

விற்பது

எதையும் சேர்த்து அனுப்ப வேண்டியில்லாத பொருள்களுக்கு இது ஏற்ற வழி. இரண்டாவது கட்டில், உடற்பயிற்சி மிதிவண்டி, நல்ல நிலையிலுள்ள துவைக்கும் இயந்திரம். வாங்குகிறவருக்கு நம் கதை தேவையில்லை, நமக்கும் அவர் எப்படி வைத்துக்கொள்கிறார் என்ற கவலை வேண்டாம்.

விலை சொல்லும்போதுதான் மனம் இடறும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு சாதாரணக் குவளையைக் கொடுத்தார்கள். குவளை கிடைத்தவர்களிடம் என்ன விலைக்கு விற்பாய் என்றும், கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்றும் கேட்டார்கள். விற்பவர் சொன்ன விலை வாங்குபவர் சொன்னதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. கைக்கு வந்து சிறிது நேரமே ஆன குவளைக்கே இப்படி என்றால், பல ஆண்டு நம்மோடு வாழ்ந்த மேசைக்கு நாம் போடும் விலையை யார் கொடுப்பார்கள்? கானமன் 2002-லும் தேலர் 2017-லும் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்கள் கண்டதை மனதில் வைத்துக்கொண்டால், வாங்க வந்தவர் குறைத்துக் கேட்கும்போது அது நம்மை அவமதிப்பதாகத் தோன்றாது.

கனமான மரச்சாமான், முழு விருந்து செட், அச்சுக் கலைக்களஞ்சியம், பெட்டி போன்ற பழைய தொலைக்காட்சி ஆகியவற்றை வாங்க ஆள் கிடைப்பது கடினம். தங்கமும் வெள்ளியும் எடைக்குப் போகும். பழைய நாணயங்கள் இருந்தால் விற்பதற்கு முன் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் அந்தப் பழைய நிறத்தைத்தான் தேடுகிறார்கள், தேய்த்தால் மதிப்பு குறையும். தெரியாதவரை வீட்டுக்குள் வரவழைக்கும்போது கூட ஒருவர் இருக்கட்டும். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வருகிற பணத்தைவிட அதற்குப் போகும் நாள்கள் பெரிதாகத் தெரிந்தால் அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

தெரியாதவருக்குக் கொடுப்பது

'யாருக்காவது உதவட்டும்' என்று மூட்டை கட்டி அனுப்புவது எளிது, ஆனால் அது பெறுகிறவர் தலையில் வேலையைக் கட்டுவதாக முடிந்துவிடலாம். முன்கூட்டியே என்ன வேண்டும் என்று கேட்டு, துவைத்து, துடைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்து அனுப்பினால்தான் அது கொடை.

சிலவற்றை எக்காரணம் கொண்டும் கைமாற்றக் கூடாது. மிச்சமிருக்கும் மருந்து மாத்திரைகள். ஒருமுறை அடிபட்ட தலைக்கவசம். காலாவதியான குழந்தைக் கார் இருக்கை. பிளாஸ்டிக் நாளாக நாளாக வலுவிழக்கும் என்பதால் அதன் அடியில் காலாவதி ஆண்டோ தயாரிப்பு ஆண்டோ பொறித்திருப்பார்கள். வயர் வெடித்த மின்சாதனங்கள். பழைய வண்ணப்பூச்சுள்ள மரப்பொம்மைகளும் தொட்டில்களும்கூட. அந்தக் காலப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கலாம், குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள். மருந்துப் பெட்டியில் பாதரச வெப்பமானி இருந்தால் அதைக் கொடுக்கவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் ஏற்று 2017-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கை, அவற்றின் தயாரிப்பை நிறுத்த 2020-ஐ இலக்காக வைத்தது. அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் உடையாமல் ஒப்படைப்பதே சரி.

கொடுப்பவரையும் தேவைப்படுபவரையும் நேராகச் சேர்த்துவைக்கும் குழுக்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. ஃப்ரீசைக்கிள் 2003-லும் பை நத்திங் 2013-லும் தொடங்கின. இரண்டிலும் பணம் கிடையாது. 'பாதி ஓடும், பாதி ஓடாது' என்ற நிலையிலுள்ள பொருளானால் ரிப்பேர் கஃபே என்ற கூடுகைகளை நினைவில் வையுங்கள். மார்ட்டீன் போஸ்ட்மா 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, பிறகு பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பழுது பார்த்துத் தருகிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் அங்கே பொருளைக் கொண்டுபோவதோடு நில்லாமல், திருப்புளியைக் கையில் எடுக்கலாம் என்பது என் ஆசை. வாழ்நாளெல்லாம் சேர்த்த கைத்திறனை அள்ளிக்கொடுக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடிதக் கட்டுகள், நாட்குறிப்புகள், பழைய வரவு செலவுக் கணக்கு நோட்டுகள் ஆகியவற்றைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். சாதாரணக் குடும்பம் ஒன்று ஒரு மாதத்தை எப்படி ஓட்டியது என்பது அரசாங்கப் பதிவேடுகளில் இருக்காது, இவற்றில்தான் இருக்கும். ஆவணக் காப்பகங்களும் பெரிய நூலகங்களும் இப்படிப்பட்டவற்றைக் கேட்டு வாங்குவதுண்டு. கொடுக்கும் முன் படித்துப் பாருங்கள். உயிரோடிருக்கும் ஒருவரைப் புண்படுத்தும் கடிதம் இருந்தால் அதை எடுத்துவிட உங்களுக்கு உரிமை உண்டு. இத்தனை ஆண்டுகள் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்படைக்கவும் சில காப்பகங்கள் இடம் தரும்.

படம் பிடித்துவிட்டு அனுப்புவது

பயன் முடிந்துபோய் நினைவு மட்டும் ஒட்டியிருக்கும் பொருள்களுக்கு இந்த வழி. குழந்தையின் முதல் செருப்பு, பரிசுக் கோப்பை, கிழிந்த பள்ளிப் பை. கேரன் வின்டரிச், ரெபெக்கா ரெசெக், ஜூலி இர்வின் ஆகியோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதி மாணவர்களிடம் நினைவுப் பொருள்களைக் கொடையாகக் கேட்டார்கள். கொடுக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்ன விடுதிகளில் சுமார் 15 விழுக்காடு அதிகமாகப் பொருள்கள் வந்தன. பொருளை விட்டால் நினைவும் போய்விடும் என்ற பயம்தான் கையைப் பிடித்து இழுக்கிறது. படம் அந்தப் பயத்தைத் தணிக்கிறது.

ஆனால் வெறும் படம் அடுத்த தலைமுறைக்கு ஊமை. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அது எப்போது, எதற்காகக் கிடைத்தது என்று கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்துவிட்டுக் கொடுங்கள். பொருளோடு போக வேண்டிய கதை இப்படித்தான் பிள்ளைகளிடம் தங்கும்.

புகைப்படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அவசரம் உள்ளது அவற்றுக்குத்தான். மேசை பத்து வருடம் காத்திருக்கும். அந்தக் குழுப்படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்பது உங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. படத்தின் பின்புறம் ஓரத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல் பெயரும் ஊகித்த ஆண்டும் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்புறம் தடம் விழும். மை பேனா அடுத்த படத்தில் ஒட்டும். பிசின் பூசிய பக்கத்தில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் ஆல்பங்கள் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தன. அந்தப் பிசின் படங்களைக் கெடுக்கும். வருகிற படங்களை மெதுவாக எடுத்துவிடுங்கள். வராததைப் பிடித்து இழுக்காமல் ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யுங்கள். அதே அளவில் பார்க்க 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும், பெரிதாக்க வேண்டுமென்றால் 600 வையுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினி ஆட்கள் வெகுநாளாகச் சொல்லும் இந்த விதி குடும்பப் படங்களுக்கும் பொருந்தும்.

வீடியோ கேசட்டுகள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். காந்த நாடா கிடக்கக் கிடக்கத் தேயும். அதை ஓட்டும் கருவியைக் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இருக்கிற கருவிகள்தான் இனி.

வைத்துக்கொண்டு, எடுத்துப் புழங்குவது

எல்லா வழிகளிலும் குறைவாகப் பேசப்படுவது இதுதான், என் மனம் சாய்வதும் இதன் பக்கம்தான். 'யாருக்கும் வேண்டாம் என்கிறார்கள், என்ன செய்வது' என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டீர்களா?

விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த பீங்கான் செட்டை விருந்தாளி வந்தபோதும் உடைந்துவிடும் என்று எடுக்காமல் வைத்திருந்த வீடுகள் உண்டு. பிள்ளைகளுக்கு அது வேண்டாம், விற்றால் விலையில்லை. அப்படியானால் நாளைக் காலையிலிருந்து அதில்தான் நீங்கள் குடிக்க வேண்டும். மெல்லிய விளிம்பு உதட்டில் படுவதும், தட்டில் வைக்கும்போது எழும் சன்னமான ஓசையும் ஒவ்வொரு நாளும் கிடைக்கும் சுகம். ஒன்று உடைந்தால் பயன்பட்டு உடைந்ததாக இருக்கும். தங்க விளிம்பு உள்ளதைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலோ மைக்ரோவேவிலோ வைக்காதீர்கள், அவ்வளவுதான். மிகப் பழைய செட்டாக இருந்து உள்பக்க மெருகு விரிசல் விட்டிருந்தால் குடிக்க வேண்டாம். அந்தக் கால மெருகில் ஈயம் இருக்கலாம். அதைப் பேனா வைக்கவோ பூ வைக்கவோ எடுத்துக்கொள்ளலாம்.

மைப்பேனா ஒன்று இழுப்பறையில் கிடக்கும். எழுதவில்லை என்று ஒதுக்கி வைத்ததாக இருக்கும். முனைப்பகுதியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசினால் பெரும்பாலும் மறுபடி எழுதும். கொதிநீர் மட்டும் வேண்டாம், பேனா உடம்பு வளைந்துவிடும். அந்தப் பேனாவில் வாரம் ஒரு கடிதம் எழுதினால் பேனாவுக்கும் உயிர், பெறுகிறவருக்கும் மகிழ்ச்சி. நல்ல போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம். மடித்தே வைத்திருந்தால் மடிப்பில்தான் துணி முதலில் இற்றுப்போகும். சாய்வு நாற்காலியை வெயில் வரும் பக்கம் நகர்த்திப் போடலாம். நேரம் கையில் இருக்கும் காலத்தில் இவற்றைப் புழங்காமல் வேறு எப்போது புழங்குவது?

வைத்துக்கொள்வதற்கு ஒரு எல்லை மட்டும் அவசியம், அது உடம்பு போடும் எல்லை. விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில் உலக அளவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுவதற்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படி இறப்பவர்களில் அறுபது தாண்டியவர்களே அதிகம். எனவே தினம் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலி போட்டு ஏறி எடுக்கும் எதுவும் ஒன்று கீழே வர வேண்டும், அல்லது வீட்டை விட்டுப் போக வேண்டும். நடக்கும் வழியில் சுருளும் கம்பளம் எவ்வளவு அழகானதானாலும் சுவரில் மாட்டுங்கள், இல்லை கொடுத்துவிடுங்கள்.

கொடுத்தும் நம்மிடமே இருக்கும் பொருளும் ஒன்று உண்டு, செடி. தொட்டியில் வருடக்கணக்கில் வளர்ந்ததிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வேர் பிடிக்க வைத்தோ, பக்கக் கன்றைப் பிரித்தோ தந்தால் தாய்ச்செடிக்கு ஒரு குறைவும் இல்லை. கையெழுத்துச் சமையல் குறிப்பு நோட்டும் அந்த வகைதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

எங்கும் போகாதது

கடைசியில் மிஞ்சுவது பழுதான மின்சாதனங்கள். ஐ.நா. 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. அதிகாரபூர்வமான மின்கழிவு சேகரிப்பு எங்கே நடக்கிறது என்று விசாரித்து அங்கே கொடுங்கள். பழைய கைப்பேசியானால் அதற்கு முன் படங்களை எடுத்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டு (ஃபேக்டரி ரீசெட்), சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். கடிகாரம், ரேடியோ, பொம்மை எதுவானாலும் பேட்டரியை எடுத்துவிட்டே கொடுங்கள்.

எதில் தொடங்குவது

பெரும்பாலோர் பரணில் தொடங்கி ஒரு வாரத்தில் களைத்துவிடுகிறார்கள். என் வரிசை வேறு. முதலில் புகைப்படங்களுக்குப் பெயர் எழுதுவது, ஞாபகம் நன்றாக இருக்கும்போதே. அடுத்து, சொல்லித்தர வேண்டிய பொருள்கள். கை நடுங்காமல் ஊசியில் நூல் கோக்க முடிகிற காலத்திலேயே அவை போய்ச் சேர வேண்டும். மூன்றாவதாக, வைத்துக்கொள்வதைப் பிரித்தெடுத்துக் கைக்கெட்டும் இடத்துக்கு மாற்றுவது. இதற்குப் பிறகுதான் தானமும் விற்பனையும், அவற்றுக்கு நம் ஞாபகமும் கைத்திறனும் தேவையில்லை.

தம்பதிகள் இருவரும் இருக்கும் வீட்டில் ஒருவர் பொருளை இன்னொருவர் கேட்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒருவர் காலமாகியிருந்தால் அவருடைய துணிமணிகளையும் மேசையையும் பற்றி முதல் சில மாதங்களுக்கு எந்த முடிவும் வேண்டாம். பிள்ளைகள் அவசரப்படுத்தினாலும் "அது அங்கேயே இருக்கட்டும்ப்பா, நான் சொல்றேன்" என்று சொல்லலாம். உயிலை மட்டும் இந்த வரிசையில் எங்கும் வைக்க வேண்டாம். உடம்பும் தெளிவும் நன்றாக இருக்கிற இந்த மாதத்திலேயே வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, பிறகு நிதானமாகப் புகைப்படப் பெட்டியைத் திறக்கலாம்.